மழையில் கிளம்பாத வண்டி: தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா?

ஐப்பசி பிறந்ததும் எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கு ஒரு கச்சேரி தொடங்கிவிடும். ஒரு வாசலில் செல்ஃப் மோட்டார் ‘கர்ர்… கர்ர்…’ என்று இழுக்கும். எதிர்வாசலில் ‘தட்… தட்…’ என்று கிக்கர். நடுவில் யாராவது ஒருவர் வண்டியை இடமும் வலமும் சாய்த்து, டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, பிறகு வானத்தை முறைப்பார். வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பர் வரை சென்னையில் இது அன்றாடக் காட்சி.

இந்தக் கட்டுரை புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கியவர்களுக்கு. 100 முதல் 200 சிசி வரையுள்ள சாதாரண பைக்கையும் ஸ்கூட்டரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவரும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடலாம்.

சாவியைப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. வண்டி மேலிருந்து நனைந்ததா, கீழிருந்து நனைந்ததா?

ராத்திரி முழுக்க மழையில் நின்றது, பக்கத்தில் போன பஸ் ஒரு வாளித் தண்ணீரை வாரி அடித்தது, வாட்டர் வாஷ் விட்டு வந்தது, இவையெல்லாம் மேலிருந்து நனைந்த வகை. பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறுதான். துடைத்துக் காயவைத்தால் சரியாகிவிடும். தெருவில் ஏறிய தண்ணீரில் வண்டி நின்றிருந்தாலோ, தண்ணீருக்குள் ஓட்டும்போது அணைந்துவிட்டாலோ அது கீழிருந்து நனைந்த வகை. அதற்கு வைத்தியம் வேறு. அதில் செல்ஃபை அமுக்குவதே வண்டிக்குச் செய்யும் கெடுதல்.

எந்த வகை என்று தெரியவில்லையா? ராத்திரி தண்ணீர் ஏறி, விடிவதற்குள் வடிந்தும் போயிருக்கும். வண்டியையும் பக்கத்துச் சுவரையும் பாருங்கள். வெள்ளம் தான் நின்ற உயரத்தில் மெல்லிய சேற்றுக் கோடு ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் போகும். அந்தக் கோடு சக்கரத்தின் நடு அச்சுக்கு மேலே இருந்தால், நேராகக் ‘கீழிருந்து நனைந்த வண்டி’ பகுதிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. தெருவில் தண்ணீர் நிற்கிறது, பக்கத்திலேயே இ.பி. பெட்டியோ டிரான்ஸ்பார்மரோ இருக்கிறது என்றால் அங்கே நின்று வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் மேட்டுக்குத் தள்ளிப் போங்கள்.

மேலிருந்து நனைந்த வண்டி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு நவம்பர் மாதம், மடிப்பாக்கத்தில் ஒரு டீக்கடை ஓரம் அரை மணி நேரம் கிக்கர் அடித்தேன். ரெயின்கோட்டுக்குள் வேர்வையில் இன்னொரு மழை. டீக்கடைக்காரர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், வலது கைப்பிடியில் இருந்த சிவப்பு சுவிட்சைக் கட்டைவிரலால் தட்டிவிட்டுப் போனார். அடுத்த உதையில் வண்டி கிளம்பியது. ரெயின்கோட்டின் கை பட்டு, இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் ‘ஆஃப்’ ஆகியிருக்கிறது.

அதனால் முதலில் அற்பமானவற்றைப் பாருங்கள். கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா. ஸ்கூட்டர் என்றால் பிரேக் லீவரைப் பிடித்துக்கொண்டுதான் செல்ஃப் எடுக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் எடுக்காது. அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சுவிட்சில் சேறு அடைத்துக்கொண்டால், ஸ்டாண்டை ஏற்றிய பிறகும் வண்டி இறங்கியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஸ்டாண்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, அந்த இடத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தால் போதும்.

அடுத்தது காது கொடுத்துக் கேட்பது. செல்ஃபை அமுக்கியதும் என்ன சத்தம் வருகிறது?

‘டக் டக் டக்’ என்று மட்டும் வந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. இன்ஜின் மேல் பழி போட வேண்டாம். கிக்கர் இருந்தால் கிக்கரில் எடுங்கள். கியர் வண்டியைத் தள்ளியும் எடுக்கலாம். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை விடுவது. ஸ்கூட்டரை அப்படித் தள்ளி எடுக்க முடியாது. அதில் பின்சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் பெல்ட், கிளட்ச் அமைப்பு, இன்ஜின் ஓடினால்தான் பிடிக்கும். எவ்வளவு தள்ளினாலும் உங்களுக்குத்தான் உடற்பயிற்சி.

எந்தச் சத்தமும் இல்லை, மீட்டரில் விளக்கும் இல்லை என்றால் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். அதே டப்பாவில் பெரும்பாலும் ஸ்பேர் ஒன்று வைத்திருப்பார்கள். மாற்றிய ஃபியூஸும் உடனே போய்விட்டால் எங்கோ வயர் நனைந்து ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் பெரிய ஃபியூஸையோ செம்புக் கம்பியையோ வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்தபின், பெரும்பாலான புதிய வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் அளந்து பீய்ச்சும் எஃப்.ஐ. வந்துவிட்டது. இவற்றில் சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கத்திலிருந்து ‘ஙீ…’ என்று இரண்டு மூன்று விநாடி ஒரு சத்தம் கேட்கும். பெட்ரோல் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு செல்ஃபை அமுக்குங்கள். சத்தமே வரவில்லையா, மறுபடி கில் சுவிட்ச், ஃபியூஸ், பேட்டரி என்று போங்கள். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் பம்புக்கு உயிர் இருக்காது, எஃப்.ஐ. வண்டியைத் தள்ளியும் பயன் இல்லை.

செல்ஃப் நன்றாக இழுக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் அதிகம் வருவது இதுதான். இனி வேலை, பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ப்ளக்கில்.

ப்ளக் பக்கம் போவோம்

ப்ளக்குக்குப் போகும் கரண்ட் பல ஆயிரம் வோல்ட். அது ப்ளக் முனையில் இருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டிக் குதித்தால்தான் பெட்ரோல் பற்றும். ப்ளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடியான கேப்புக்குள் ஈரமும் தூசியும் சேர்ந்துவிட்டால், தாண்டிக் குதிக்கும் சிரமம் எதற்கு என்று ஈரத்தின் வழியாகவே இன்ஜின் உடம்புக்கு ஓடிவிடும். ப்ளக் சும்மா உட்கார்ந்திருக்கும். பழைய வண்டியில் ப்ளக் வயர் வெடித்திருந்தால், இருட்டில் பாருங்கள், கிக்கர் அடிக்கும்போது வயரின் மேலேயே நீலப் பொறி ஓடும்.

பைக்கில் ப்ளக் இன்ஜினின் தலைப்பக்கம் கண்ணில் படும்படி இருக்கும். ஸ்கூட்டரில் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தை ஒட்டிய சின்ன மூடியைக் கழற்றினால் தெரியும். சாவியை அணைத்துவிட்டு, கேப்பைப் பிடித்து நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் இதைச் செய்வதை முதன்முதலாகப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேப்பை உருவிக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து அரை ஸ்பூன் தண்ணீர் அவர் கையில் கொட்டியது. ‘பு…’ என்று ஒரு ஊது. பனியன் வேஸ்டைத் திரி மாதிரி முறுக்கி உள்ளே விட்டு நாலு சுற்று. ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானையும் அதே துணியால் ஒரு துடை. ‘டக்’கென்று சத்தம் வரும்வரை கேப்பை அமுக்கினார். “அடிங்க தம்பி” என்றார். முதல் உதையிலேயே எடுத்தது. மொத்தம் இரண்டு நிமிடம். “இதுக்குப் போய் காசா” என்று சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அவர் கடைசியாகச் செய்த இன்னொன்றுதான் எனக்குப் பாடம். பல பைக்குகளில் ப்ளக் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். குழியில் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற, இன்ஜின் தலையின் ஓரத்தில் பென்சில் முனை அளவுக்கு ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள். அது சேறால் அடைத்துக்கொண்டால், ப்ளக் கிணற்றில் நிற்பது போலத் தண்ணீரில் நிற்கும். ஒரு சைக்கிள் கம்பியை அந்த ஓட்டைக்குள் விட்டுக் குத்தினார். பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிந்தது. ‘ஒவ்வொரு மழைக்கும் நிற்கிறது’ என்று புலம்பும் பைக்குகளில் இந்த ஓட்டையை முதலில் தேடுங்கள்.

கேப்பைக் காயவைத்தும் எடுக்கவில்லை என்றால் ப்ளக்கைக் கழற்ற வேண்டும். டூல்கிட்டில் ப்ளக் ஸ்பேனர் இருக்கும். சூடான இன்ஜினில் கை வைக்காதீர்கள். கழற்றுவதற்கு முன் ப்ளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும்.

ப்ளக் முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை என்று பொருள். விடாமல் செல்ஃப் அடித்ததில் உள்ளே பெட்ரோல் அதிகமாகி ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும். முனையைத் துடைத்து, பழைய டூத் பிரஷால் கரியைத் தேய்த்து, ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். சிலர் அடுப்பில் காட்டிச் சூடுபடுத்துவார்கள். செய்யலாம், ஆனால் அதை வீட்டுச் சமையலறையில் செய்யுங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் வண்டிக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். முனை காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை.

கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது எப்படி? கழற்றிய ப்ளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுந்தித் தொடும்படி வைத்து, யாரையாவது கிக்கர் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, ‘சட்’டென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பலாக வந்தால் ப்ளக்கையோ கேப்பையோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. ப்ளக்கை வெறும் கையால் பிடிக்காதீர்கள், உதறி அடிக்கும். ப்ளக் துளைக்கு நேராகவும் அதை வைக்காதீர்கள். உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும். எஃப்.ஐ. வண்டியில் ப்ளக் உலோகத்தைச் சரியாகத் தொடாமல் இந்தச் சோதனை செய்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கெட வாய்ப்புண்டு. பழக்கமில்லை என்றால் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் புது ப்ளக் போட்டுப் பார்ப்பதே சுலபம். நல்ல பிரியாணிக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

திரும்ப மாட்டும்போது முதல் நாலைந்து சுற்று விரலால்தான். இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம்; எடுத்துவிட்டு மறுபடி. இன்ஜின் தலை அலுமினியம், மரை போனால் செலவு பெரிது. விரலால் முழுக்க இறுகிய பிறகு ஸ்பேனரில் லேசாக ஒரு இழு, புது ப்ளக் என்றால் அரைச் சுற்று.

ஓவர்ஃப்ளோ ஆன வண்டியை எடுக்க: குளிரில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை ஆஃப் செய்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு உதை. உள்ளே தேங்கிய பெட்ரோல் காற்றோடு வெளியேறும். பல எஃப்.ஐ. வண்டிகளிலும் முழு ஆக்ஸிலரேட்டரில் செல்ஃப் அடித்தால் பெட்ரோல் பீய்ச்சுவது குறைந்துவிடும். செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அமுக்காதீர்கள். நடுவே அரை நிமிடம் பேட்டரிக்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

பெட்ரோலில் தண்ணீர்

வண்டி எடுக்கிறது, பத்தடி போனதும் இருமி இருமி நிற்கிறது. கரண்ட் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் டேங்கில் தண்ணீரோ என்று சந்தேகப்படுங்கள்.

டேங்க் மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து, சுற்றியுள்ள பள்ளத்தைப் பாருங்கள். அங்கே விழும் மழைத்தண்ணீர் ஒரு சின்ன ஓட்டை வழியாக, டேங்குக்குள்ளேயே போகும் குழாயில் இறங்கிக் கீழே ரோட்டில் சொட்ட வேண்டும். அந்த ஓட்டை அடைத்தால் தண்ணீர் பள்ளத்தில் தேங்கும். நீங்கள் மூடியைத் திறக்கும் கணத்தில் மொத்தமும் டேங்குக்குள் இறங்கும். மழை நாளில் மூடியைத் திறக்கும் முன் துணியால் ஒரு ஒற்று ஒற்றிவிடுங்கள். பங்க்கில் கூரைக்கு அடியில் நிறுத்திப் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். இப்போது போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக நிற்கும். இன்ஜின் முதலில் குடிப்பது அந்த அடுக்கைத்தான்.

கார்புரேட்டர் வண்டி என்றால் தப்பித்தீர்கள். கார்புரேட்டரின் அடிப்பகுதியில் ஒரு ஸ்க்ரூ, அதிலிருந்து ஒரு மெல்லிய டியூப் தொங்கும். இன்ஜின் ஆறிய பிறகு, டியூபின் கீழ் ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடித்து ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். வடிந்ததை வெளிச்சத்தில் பார்த்தால், பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருளும். முத்து வருவது நிற்கும்வரை வடித்து, ஸ்க்ரூவை மூடுங்கள். எஃப்.ஐ. வண்டியில் டேங்கையும் பம்பையும் இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்; அது கடை வேலை.

ஏர் ஃபில்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நனைந்த பேப்பர் ஃபில்டர் வழியாக இன்ஜினால் மூச்சு விட முடியாது. அதைக் கழுவிக் காயவைக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கீழிருந்து நனைந்த வண்டி

இங்கே முதல் விதி: சாவியைப் போடாதே, கிக்கரைத் தொடாதே.

காரணம் எளிது. இன்ஜின் தன் சிலிண்டருக்குள் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அமுக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது செல்ஃபை அமுக்கினால், மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் போய் முட்டும். பிஸ்டனைக் கீழே சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சின்ன வேலை முழு இன்ஜின் வேலையாக மாறுவது இந்த ஒரு அமுக்கலில்தான். கிக்கர் கல் மாதிரி நின்றால் அதுதான் எச்சரிக்கை. மேலே ஏறி நின்று உதைக்காதீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகும் மெக்கானிக் கடை வாசல்களில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. என் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரும் அதில் ஒன்று. “சும்மா எடுக்குதான்னு பாத்தேங்க” என்றார். அந்தச் சும்மாவுக்கு அவர் கொடுத்த பில்லில் பழைய ஸ்கூட்டரே ஒன்று வாங்கியிருக்கலாம். காருக்கும் இதே கதைதான். அங்கே இன்னொரு சிக்கல்: வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு கிடைப்பது கடினம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்தியது சும்மா இல்லை.

செய்ய வேண்டியது: வண்டியை நியூட்ரலில் மேட்டுக்குத் தள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். முன்சக்கரம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தினால் சைலன்சரில் நிற்கும் தண்ணீர் பின்னால் வடியும். எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் திகைப்பீர்கள்.

பிறகு ஆயில். ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தாலோ, அளவு வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இதற்கு மேல் நீங்களே செய்வதைவிட டெம்போவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோவதே என் யோசனை. அங்கே என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்: ப்ளக்கைக் கழற்றிவிட்டு, துளைக்கு நேராக முகத்தை வைக்காமல், கிக்கரை மெதுவாக அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது, ஆயிலை வடித்து மலிவான ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு நல்ல ஆயில் ஊற்றுவது, ஏர் ஃபில்டர் மாற்றுவது, டேங்கைக் காலி செய்வது. ஸ்கூட்டர் என்றால் கியர் ஆயிலும், பெல்ட் இருக்கும் பக்கவாட்டு மூடிக்குள் நிற்கும் தண்ணீரும். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று போட்டுவிடாதீர்கள். சிலிண்டருக்குள் சில நாட்களிலேயே துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.

மின்சார ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் இன்னும் எளிய விதி: ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் ஏற்றாதீர்கள், கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். ஐ.பி.67 என்று நீர்ப்புகாத் தரம் எழுதியிருப்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்குத்தான். ராத்திரி முழுக்க நிற்பதற்கு இல்லை.

தண்ணீருக்குள் போயே ஆக வேண்டும் என்றால்

முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். தண்ணீர் அச்சைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். குறைவாக இருந்தால் முதல் கியர், ஒரே சீரான ஆக்ஸிலரேட்டர். நடுவில் விடவே கூடாது. சைலன்சரிலிருந்து புகை வந்துகொண்டிருக்கும்வரை அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறாது. எதிரே பஸ் வந்தால் அது போகும்வரை மேட்டில் நில்லுங்கள், அலை அடிக்கும். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக நாலைந்து முறை பிடித்து விடுங்கள். நனைந்த டிரம் பிரேக் முதல் இரண்டு பிடிக்கு நிற்காது.

சீட்டுக்கு அடியில் நான் வைத்திருப்பது: ப்ளக் ஸ்பேனர், புது ப்ளக் ஒன்று, பழைய டூத் பிரஷ், இரண்டு ஃபியூஸ், ஒரு துண்டு சைக்கிள் கம்பி, ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், வாயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி. போன வருஷம் கட்ட மறந்துவிட்டேன். துடைக்க எடுத்த வேஸ்டைப் பிழிந்து காயப்போட வேண்டியதாயிற்று.